ஏழாவது அட்டையில் நிற்கும் பெண்

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது. போன மாதம் பக்கத்து ஊரான டியூக்ஸ்பரிக்குப் போனபோது, ஒரு பழைய சாமான் கடையில் அந்த ஊரையும் அதன் மடாலயத்தையும் காட்டும் பழைய பட அஞ்சலட்டைகள் பதினொன்று கிடைத்தன. எட்டு பவுண்டு. ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன். பின்பக்கங்களில் யாரோ கிறுக்கி வைத்திருக்கிறார்கள், பார்க்க நன்றாக இல்லை, அதனால் முன்பக்கம் மட்டும்.

தொள்ளாயிரம் வருடத்துக் கட்டடம் கட்டியபடியே நிற்கிறது. வெள்ளைக்காரர்களுக்கு எதையும் பாதுகாக்கத் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் அந்தப் புத்தி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். படங்களில் தெருவில் ஆளே இல்லை. இரவு வேலை முடிந்து அறைக்கு வந்து அந்த அமைதியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த அட்டைகளை எப்படிப் பத்திரப்படுத்துவது? இவற்றுக்கு ஏதாவது மதிப்பு உண்டா? டியூக்ஸ்பரி கடுகு என்கிறார்களே, அது என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டு வாரமாக நானும் பழைய படங்களோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். கணினி மாற்றுகிறேன் என்று ஆரம்பித்து, எப்போதோ எடுத்த டியூக்ஸ்பரிப் படங்களில் வந்து மாட்டிக்கொண்டேன். என்மேலேயே எரிச்சலாக இருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அந்த எரிச்சலில் கொஞ்சம் உங்கள்மேலும் விழும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடுகு: அரைத்த கடுகோடு ஹார்ஸ்ராடிஷ் என்ற காரக் கிழங்கைச் சேர்த்து உருண்டை பிடித்து விற்றார்கள். வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள், எழுதிப் புரியவைக்க முடியாது. மதிப்பு: எட்டு பவுண்டு கொடுத்தீர்கள் அல்லவா, அதுதான். பத்திரப்படுத்துவது: லேமினேட் செய்யாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள், ஜன்னலோரம் வைக்காதீர்கள். சரி.

“கட்டியபடியே நிற்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லையம்மா. 1121இல் அர்ப்பணித்த மடாலயக் கோயில் அது. நார்மண்டியில் வெட்டிய கல் கடல் தாண்டி, செவர்ன் ஆற்றில் படகேறி வந்தது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் 1540இல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் வந்து மடத்தைக் கலைத்தபோது, தேவையில்லாத கட்டடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். கோயிலும் அந்தப் பட்டியலில் இருந்தது. கூரையில் இருந்த ஈயத்துக்கும் கோபுரத்து மணிகளுக்கும் விலை உண்டு, கல்லுக்கு யார் காசு கொடுப்பார்கள்? முன்மண்டபம் எங்கள் ஊர்க் கோயில், அதில்தான் நாங்கள் கும்பிடுகிறோம் என்று ஊர்க்காரர்கள் வாதாடினார்கள். கடைசியில் ஈயத்துக்கும் மணிக்கும் ஆன விலையை, 453 பவுண்டை, அரசரிடம் கட்டி மொத்தக் கோயிலையும் வாங்கிக்கொண்டார்கள். கிழக்கே மாதா சிற்றாலயம் இடிந்து போனது. துறவிகள் நடந்த சுற்று மண்டபமும் போனது. இடித்தவனும் வெள்ளைக்காரன், காசு கட்டியவனும் வெள்ளைக்காரன். இதில் இனத்தின் புத்தி எங்கே வருகிறது?

இன்னொன்றும் சொல்கிறேன். 1870களில் சர் கில்பர்ட் ஸ்காட் என்ற பெரிய கட்டடக் கலைஞர் அந்தக் கோயிலைப் புதுப்பிக்க வந்தார். அந்தக் காலத்தில் புதுப்பிப்பது என்றால், நடுவில் வந்த நூற்றாண்டுகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆதியில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தாங்களாக ஒன்றைக் கற்பனை செய்து கட்டுவது. 1877 மார்ச்சில் வில்லியம் மோரிஸ் என்ற கவிஞர், வடிவமைப்பாளரும்கூட, செய்தித்தாளில் இதைப் படித்துக் கொதித்துப்போய் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதே மாதம் பழங்கட்டடங்களுக்கான பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. சுரண்டல் எதிர்ப்புச் சங்கம் என்று அதற்குச் செல்லப்பெயர். இன்றும் இயங்குகிறது. ஆனால் எந்தக் கோயிலுக்காகச் சங்கம் பிறந்ததோ அந்தக் கோயிலில் வேலை நிற்கவில்லை. ஸ்காட் இறந்த பிறகு அவர் மகன் முடித்துவைத்தார். பட அஞ்சலட்டையை இங்கிலாந்துத் தபால்துறை அனுமதித்தது 1894இல். ஆகவே உங்கள் பதினொரு அட்டைகளில் இருப்பது ஸ்காட் கை வைத்த பிறகு இருந்த கோயில். அதை ஆதிக் கோலம் என்று நினைத்துத் தூங்கப் போகாதீர்கள்.

இதையெல்லாம்விட என்னைக் குத்தியது அந்த “அமைதி.”

டியூக்ஸ்பரி ஒரு சந்தை ஊர். சந்தை ஊரில் அமைதி எங்கிருந்து வரும்? வண்டி, மாடு, தானிய மூட்டை, பேரம் என்று கிடந்த தெருக்கள் அவை. 1850களில் எடுத்த படம் என்றால் நானே சமாதானம் சொல்லியிருப்பேன். கண்ணாடித் தகட்டில் ஒளி விழச் சில நொடிகள் பிடிக்கும், அதற்குள் நடந்தவன் படத்தில் இல்லாமல் போவான். கட்டடம் மட்டும் அசையாமல் மிஞ்சும். அஞ்சலட்டைக் காலத்தில் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அதற்கப்புறமும் தெரு காலியாக இருக்கிறது என்றால், காலியாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போயிருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். வாங்கப்போகிறவருக்குக் கோபுரம் வேண்டும், மரச்சட்டம் போட்ட பழைய வீடு வேண்டும். சாணியும் கூச்சலும் எதற்கு?

அப்படியானால் ஆட்கள் எங்கே இருந்தார்கள்? சந்துகளில். எங்கள் பக்கம் முடுக்கு என்போமே, அதேதான், ஒருவர் வந்தால் இன்னொருவர் சுவரோடு ஒட்டி வழிவிடுகிற அகலம். அந்த ஊரின் கதையே அதில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் செவர்ன், இன்னொரு பக்கம் ஏவன், இரண்டும் அங்கே சேர்கின்றன. சுற்றிலும் இருப்பது வெள்ளம் ஏறும் புல்வெளி, அங்கே வீடு கட்ட முடியாது. ஆள் பெருகப் பெருக, பெரிய தெருவில் இருந்த வீடுகளின் கொல்லைப்புறத்தில் வீடு, அதற்குப் பின்னால் இன்னொரு வீடு என்று உள்ளே உள்ளே கட்டிக்கொண்டு போனார்கள். அவற்றுக்குப் போகும் வழிதான் சந்து. ஒரு காலத்தில் 90 சந்துகள், இன்று 30 போல மிச்சம் என்பார்கள். தறியில் காலுறை பின்னிப் பிழைத்த ஊர் அது. அந்தப் பின்னல்காரர்களின் ஊரை உங்கள் பதினொரு அட்டையில் தேடிப் பாருங்கள். ஆறில் கோயில் இருக்கிறது. இரண்டில் துறவிகள் 15ஆம் நூற்றாண்டில் வாடகைக்கு விடக் கட்டிய கடைவரிசை. மூன்றில் பெரிய தெரு. சந்து?

நான் யோக்கியன் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் அங்கே போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு சந்தின் வாயில் ஒதுங்கினேன். ஏற்கனவே ஒரு பாட்டி சக்கரக் கூடையோடு ஒதுங்கி நின்றார். என் கேமராவைப் பார்த்துவிட்டு அவரே பேச ஆரம்பித்தார். அவருடைய அம்மா பிறந்த வீடு அதே சந்தின் உள்ளே இருந்ததாம், பிறகு வரிசையோடு இடித்துவிட்டார்களாம். ஏழு வீட்டுக்கு ஒரே குழாய் என்றார். வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்டேன். இடுப்பில் கை வைத்துக் காட்டினார். “அந்த வீட்டுக்கு ஒரு போட்டோகூட இல்லை, கோயிலுக்கு மட்டும் ஆயிரம் இருக்கிறது” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மழை விட்டதும் நேராகக் கோயிலுக்குப் போனேன்.

இரண்டு வாரமாக எண்ணிப் பார்த்துவிட்டேன். அன்று நான் எடுத்தது எழுபத்து நான்கு படம். கோபுரம் மட்டும் முப்பத்தொன்று. 1471இல் அந்த ஊர் வயலில் நடந்த போரில் கிடைத்த கவசத் தகடுகளை உள்பக்கம் அடித்த ஒரு கதவு இருக்கிறது, அதற்கு ஐந்து. பாட்டிக்கு ஒன்றுமில்லை. சந்துக்கும் ஒன்றுமில்லை. இப்போது அவர் முகத்தை நினைத்துப் பார்த்தால் மழைக்கோட்டின் நிறம்தான் வருகிறது.

2007 ஜூலை வெள்ளத்தின்போது மேலிருந்து எடுத்த ஒரு படம் உலகமெல்லாம் சுற்றியது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் பழுப்புத் தண்ணீர், நடுவில் தீவு மாதிரி கோயில். அழகான படம், அதில் சந்தேகமில்லை. அந்த அழகில் மறந்துபோன விஷயம், ஊருக்கு வெளியே மைத் என்ற இடத்தில் இருந்த குடிநீர் நிலையமும் மூழ்கியது. மூன்றரை லட்சம் பேருக்குக் குழாயில் தண்ணீர் இல்லை, சில இடங்களில் இரண்டு வாரம்வரை. உங்கள் செல்டன்ஹாமும் அதில் உண்டு. வார்டில் வயதான சகாக்கள் இருந்தால் கேளுங்கள், பாத்திரத்தோடு லாரித் தண்ணீருக்கு நின்ற கதையைச் சொல்வார்கள். எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்க்கிற உங்களுக்கு அந்தக் கதை நன்றாகப் புரியும்.

திட்டிக்கொண்டே போகிறேன். இரவு வேலை முடித்து வருகிறவருக்குக் காலித் தெரு எவ்வளவு ஆறுதல் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஊரில் எல்லாரும் எழுந்து வரும் நேரத்தில் நீங்கள் திரை இழுத்துப் படுக்கிறீர்கள். பாருங்கள், தாராளமாகப் பாருங்கள். ஆனால் பின்பக்கத்தைக் “கிறுக்கல், நன்றாக இல்லை” என்று ஒதுக்கினீர்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முன்பக்கம் கடைக்காரன் அச்சடித்தது, ஆயிரம் பேரிடம் இருக்கும். பின்பக்கம் ஒருவருடையது. அந்த ஊரில் ஒருத்தர் பேனா பிடித்து, அரை பென்னித் தபால்தலை ஒட்டி, இன்னொருத்தருக்குச் சொன்னது. காலமும் அங்கேதான் இருக்கிறது. 1902க்கு முன் பின்பக்கம் முழுக்க விலாசத்துக்கு மட்டும், அதனால் சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதினார்கள். அந்த வருடம்தான் பின்பக்கத்தில் நடுக்கோடு வந்தது. பச்சை அரை பென்னித் தபால்தலையில் தாடி வைத்த அரசர் ஏழாம் எட்வர்டு இருந்தால் பெரும்பாலும் 1910ஐ ஒட்டியோ அதற்கு முன்போ அனுப்பியது. 1918இல் அட்டைக்கான கட்டணம் ஒரு பென்னி ஆகிவிட்டது. முத்திரை தெளிவாக இருந்தால் தேதியே கிடைக்கும்.

உங்கள் ஏழாவது அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிய தெரு, வலது ஓரம், இரண்டு மரச்சட்ட வீடுகளுக்கு நடுவில் கறுப்பாக ஒரு இடைவெளி. அதன் வாயில் ஒரு பெண் நிற்கிறாள். ஏப்ரன் கட்டியிருக்கிறாள், கையில் வாளி மாதிரி ஏதோ. தலையைத் திருப்பியிருக்கிறாள் போல, முகம் கலைந்துவிட்டது. பாதி உடம்பைப் படத்தின் ஓரம் வெட்டிவிட்டது. படம் எடுத்தவர் அவளைக் கவனித்திருக்கவே மாட்டார்.

பதினொன்றின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். முத்திரை தெரியாவிட்டால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் போனிலேயே எடுங்கள், போதும். ஏழாவதை முதலில் அனுப்புங்கள்.