பழத்தை விட்ட பிறகும் சிறுநீர் சிவக்கிறதா?

கேள்வி: காணொளி பார்த்து, சர்க்கரை குறையும் என்று சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்றார் என் கணவர் (வயது 54). சிறுநீர் சிவப்பாகப் போகிறது. சிறுநீரகம் கெட்டுவிட்டதா? – வாசகி, விருதுநகர் மாவட்டம்.

பதில்: பழத்தால் சிறுநீரகம் கெடவில்லை அம்மா. பீட்ரூட்டில் உள்ள சாய வகைதான் இதிலும் இருக்கிறது. சிலருக்குச் சிறுநீரில் இறங்கும், நிறுத்திய ஓரிரு நாளில் தெளிந்துவிடும். மலத்தில் கொட்டை தெரிவதற்கெல்லாம் பயப்படாதீர்கள். விரலில் ஏறிய சுணைமுள்ளைத் தேய்க்காமல் இடுக்கியால் எடுங்கள், போதும்.

ஆனால் பழத்தை விட்டுப் பத்து நாள் ஆயிற்று, நடுவில் தெளிந்து மறுபடி சிவந்தது, வலியே இல்லை, நெடுநாள் பீடிப் பழக்கம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சிவப்புக்குப் பழத்தின் மேல் பழி போட முடியாது. ரத்தம் என்றே வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டும்.

வலியில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். கல்லும் கிருமித்தொற்றும் பெரும்பாலும் வலித்தோ எரிந்தோ காட்டிக்கொடுத்துவிடும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தொடக்கத்தில் வலிக்காது. ஒருநாள் ரத்தம் வரும், பிறகு வாரக்கணக்கில் வராது. புகை பிடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் 3 மடங்கு. புரோஸ்டேட் வீக்கம் போன்ற சாதாரணக் காரணமாகவும் இருக்கலாம். அதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கைப் போட்டதும் நின்றது என்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். தானாக நின்ற ரத்தத்துக்கு மாத்திரை பெயர் வாங்கிக்கொள்கிறது. நோயாளி மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். காணொளி போடுகிறவருக்கு அதில் நட்டம் ஒன்றும் இல்லை. அந்த மாத்திரையை இனித் தொடாதீர்கள். சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

இந்த வாரமே யூராலஜி மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சிறுநீர் இப்போது தெளிவாக இருந்தாலும் போங்கள். சிவப்பாகப் போகும் சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தால் சாயமா, ரத்த அணுவா என்று அன்றே தெரியும். ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று பாதியில் திரும்பிவிடாதீர்கள். சிறிய கட்டி அதில் தப்பிவிடும். மெல்லிய குழாய்க் கேமராவால் சிறுநீர்ப்பையின் உள்ளே பார்க்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். புற்றாகவே இருந்தாலும், உள்சவ்வோடு நிற்கும் கட்டியை வயிற்றைக் கிழிக்காமல் அதே வழியாக எடுத்துவிடலாம்.

ரத்தம் கட்டிகட்டியாக வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ விடியும்வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.