கேம்பாய்க்கு உறை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வாங்கிவந்த கேம்பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் டெட்ரிஸ் ஆடி வளர்ந்தவன் நான். அனலாக் நிறுவனம் அதே மாதிரியான தன் ‘பாக்கெட்’ கருவியை அலுமினிய உடலோடு 500 டாலருக்கு விற்றது. பழைய கார்ட்ரிட்ஜை அப்படியே போட்டு ஆடலாம். மறுவிற்பனையில் ஒன்று அகப்பட்டிருக்கிறது. பழைய கருவியை மென்பொருளால் நடிக்கவைக்கும் எமுலேட்டர் இல்லை, எஃப்பிஜிஏ என்கிறார்கள். அசலுக்கு நிகராக இருக்குமா? வாங்கலாமா? கீறல் விழாமல் வைத்துக்கொள்ள நல்ல உறை எது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்,

உங்கள் சித்தப்பா நல்ல மனிதர். அன்றைக்கு சிங்கப்பூரிலிருந்து வருகிறவரிடம் ஊரே கோடாலித் தைலம் கேட்கும். அதற்கு நடுவில் ஒரு பையனுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்திருக்கிறார்.

எஃப்பிஜிஏவை விடுங்கள். பழைய சர்க்யூட்டை சிப்புக்குள் மறுபடி கட்டுகிறார்கள், நன்றாகவே கட்டுகிறார்கள், சரி. என்னை உறுத்தியது கடைசிக் கேள்வி. கேம்பாய்க்கு உறையா?

கொஞ்ச நாளாகவே கேம்பாயை உருவாக்கிய குன்பெய் யோகோய் நினைப்பாக இருக்கிறது. நிண்டெண்டோ சீட்டுக்கட்டு தயாரித்துக்கொண்டிருந்த காலத்தில், 1965-இல், இயந்திரங்களைப் பராமரிக்க வேலைக்குச் சேர்ந்தவர். புத்தம்புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடமாட்டார். எல்லோரும் பழகி, விலை விழுந்துபோனதை எடுத்து வேறொரு காரியத்துக்குத் திருப்புவார். கால்குலேட்டரால் மலிந்துபோன திரையை வைத்து 1980-இல் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க விளையாட்டைச் செய்தார். 1989-இல் கேம்பாய் வந்தபோது வண்ணத்திரை கிடைக்காமல் இல்லை. அட்டாரியின் லிங்க்ஸ் அதே வருடம் வண்ணத்தில் வந்தது. செகாவின் கேம் கியரும் வண்ணம்தான், ஆனால் ஆறு பேட்டரிக் கட்டைகளைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். கேம்பாய்க்கு நாலு கட்டை போதும், பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். பச்சை பூத்த திரை, நாலே சாயல், பின்னொளி கிடையாது. அமெரிக்காவில் விலை 90 டாலர். ஜெயித்தது எது என்று உங்களுக்கே தெரியும். நடுவில் வர்ச்சுவல் பாய் என்று ஒரு சறுக்கல், அது கிடக்கட்டும். 1997-இல் விபத்தில் இறப்பதற்கு முன் அவர் உழைத்த வொண்டர்ஸ்வான் என்ற கையடக்கக் கருவி ஒற்றைக் கட்டையில் ஓடியது. மனுஷன் மாறவே இல்லை!

எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் கோடை விடுமுறைக்கு கேம்பாயோடு வருவான். டியூப்லைட் வெளிச்சம் திரையில் விழும்படி சாய்த்துச் சாய்த்துப் பிடிப்பான். இடப்பக்கத்துச் சிவப்பு விளக்கு மங்கினால் கட்டைகளைக் கழற்றி மொட்டைமாடி வெயிலில் காயவைப்பான். ஒருநாள் அது மாடிப்படியில் உருண்டது. மூடி கழன்று கட்டைகள் சிதறின. பொறுக்கிப் போட்டுவிட்டு ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினான். யாரும் திட்டக்கூட இல்லை.

நீங்கள் வாங்கப்போகும் திரை 1600க்கு 1440 புள்ளி. அசலின் 160க்கு 144ஐப் போல இரு பக்கமும் பத்து மடங்கு. அத்தனை புள்ளிகளையும் வைத்துக்கொண்டு பழைய பச்சை மங்கலை நடித்துக்காட்ட அதில் ஒரு வசதி! மலிவாகச் செய்ததால் வந்த குறையை இப்போது காசு கொடுத்து வாங்குகிறோம். அதற்குச் சிரித்துவிட்டுப் போகலாம். உறைக்குத்தான் எனக்குக் கோபம். கீறல் விழுமோ என்று பயந்து பயந்து டெட்ரிஸ் ஆடப்போகிறீர்களா? வெட்கமாக இல்லை?

வாங்கியே தீருவேன் என்றால் பிளாஸ்டிக் உடல்கொண்ட ‘பாக்கெட்’ கருவியை வாங்குங்கள். 200 டாலர் சொச்சம்தான், உள்ளே இருப்பது இரண்டிலும் ஒன்றே. அப்புறம், சித்தப்பா தந்தது என்ன ஆயிற்று என்று எழுதவில்லையே? பரணில் கிடந்தால் எடுங்கள். பேட்டரி போடும் இடத்து ஸ்பிரிங்கில் பச்சை பிடித்திருக்கும். பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, புதுக் கட்டை போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஓடும்.