வேக மோட்டார் வாங்குவதற்கு முன் காரை மேசையில் வைத்துப் பாருங்கள்

கேள்வி: "கியோஷோ மினி இசட் கார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. நேர்ப்பாதையில் நன்றாகப் போகிறது. வளைவில் பின்பக்கம் வீசிச் சுழன்றுவிடுகிறது. நண்பர்களோடு ஓட்டும்போது எப்போதும் கடைசி. வேகமான மோட்டார் போட்டால் சரியாகுமா?"

ஆகாது. தயவுசெய்து அந்த மோட்டாரை வாங்காதீர்கள். ஏற்கனவே ஆர்டர் போட்டிருந்தால், வந்ததும் பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வையுங்கள். இதே தவறை ஒன்றரை வருடம் செய்தவன் நான். அதனால்தான் ராத்திரி பதினொன்றரை மணிக்கு உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எந்தத் தரையில் ஓட்டுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. வீட்டு டைல்ஸ் தரையாக இருக்கும், இல்லையென்றால் குழந்தைகளுக்கு விரிக்கிற ஃபோம் பாய். பெட்டியில் வந்த டயர்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று மாதமாக அதை ஒருமுறையும் துடைத்திருக்க மாட்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம்.

இந்தக் காரைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி. மினி இசட் என்பது ஜப்பானின் கியோஷோ நிறுவனம் 1999-இல் கொண்டுவந்த கையளவு பந்தயக் கார். நிஜக் காரில் ஏறத்தாழ 27-இல் ஒரு பங்கு. டிவி ரிமோட்டில் போடுகிற மெல்லிய ட்ரிபிள் ஏ பேட்டரி நான்கு. சார்ஜ் ஏற்றும் வகை என்றால் ஒன்றுக்கு 1.2 வோல்ட், மொத்தம் 4.8 வோல்ட். பின்சக்கரம் இழுக்கும் மாடல்களில் மோட்டாரும் பின் அச்சும் ஒரே கூட்டில் இருக்கும். அந்தக் கூட்டை முன்பக்கச் சேசிஸோடு இணைப்பது டி எழுத்து வடிவில் இருக்கும் ஒரு மெல்லிய தகடு. டி-பிளேட் என்போம். அது வளைந்து முறுக்கிக் கொடுப்பதுதான் பின்பக்கச் சஸ்பென்ஷன். என் கதை முழுக்க இந்தத் தகட்டில்தான் இருக்கிறது.

"பொம்மைக் காருக்கு இவ்வளவு ஆராய்ச்சியா" என்று யாராவது வந்து எழுதுவார்கள், தெரியும். எங்கள் ஊர் கோயம்புத்தூர். செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் இருக்கிற ஊர். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் எங்கள் ஊர்க்காரர். அந்தப் பெரிய கார்களுக்குப் பக்கத்தில் நின்று மெக்கானிக்குகள் டயர், எடை, பிடிமானம் என்று பேசுவதைத்தான் நாங்களும் உள்ளங்கையில் காரை வைத்துக்கொண்டு பேசுகிறோம். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

நாங்கள் ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு என் அபார்ட்மென்ட்டின் பொது ஹாலில் ஃபோம் பாய்களைக் கோத்து, நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர் டிராக் போடுவோம். பந்தயம் ஐந்து நிமிடம். யார் அதிகச் சுற்று முடிக்கிறாரோ அவர் ஜெயித்தார். என் கார் உங்கள் கார் மாதிரியேதான். நேர்ப்பாதையில் பறக்கும், ஹேர்பின் (யு வடிவக் கூர் வளைவு) வந்தால் சுழலும். வேகம் போதாததால்தான் பின்தங்குகிறேன் என்று முடிவுகட்டினேன். வேக மோட்டார் வாங்கினேன். அப்புறம் பால் பேரிங், அப்புறம் இன்னொரு மோட்டார். எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய்க்குப் பக்கம். வீட்டில் சொன்ன கணக்கு வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்றைய நாளின் மிக வேகமான சுற்று என்னுடையது, 8.7 விநாடி. ஆனால் ஐந்து நிமிடத்தில் 29 சுற்று, கடைசி இடம். ஜெயித்தவர் ஒரு பாங்க் ஊழியர். கம்பெனி மோட்டாரை இன்றுவரை மாற்றாதவர். அவருடைய வேகமான சுற்றே 9.1 தான், ஆனால் 32 சுற்று முடித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். 29 சுற்றை 8.7-ஆல் பெருக்கினால் 252 விநாடி. பந்தயம் 300 விநாடி. மிச்சம் 48 விநாடி எங்கே போனது? சுழன்று, சுவரில் இடித்து, பின்னால் எடுத்து, மறுபடி கிளம்பியதில் போனது. எந்த மோட்டாரும் அந்த 48 விநாடியைத் திருப்பித் தராது. உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தத் தாள்தான்.

அந்த வாரம் ஒரு ரிம்மின் ஓட்டையைச் சரிசெய்து வாங்க என் பெரியப்பாவிடம் போனேன். எங்கள் ஊர் கணபதிப் பகுதியில் முப்பது வருடம் லேத் பட்டறை நடத்தியவர். இப்போது ஒரே ஒரு மெஷினோடு வீட்டின் பின்கட்டில் வேலை பார்க்கிறார். காரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் சுத்துது கண்ணு?"

"திரும்பும்போது சுத்துதுங்க பெரியப்பா."

"அதான், எந்தப் பக்கம் திரும்பும்போது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், சுழன்றதெல்லாம் வலது திருப்பத்தில். இடது திருப்பத்தில் அதற்கு நேர்மாறாக, முன்பக்கம் பிடிக்காமல் வெளியே விரிந்து போகும். ஒன்றரை வருடம் ஓட்டியும் இதைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பாடியைக் கழற்றி, பட்டறையில் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தட்டையான சர்ஃபேஸ் பிளேட்டைத் துணியால் துடைத்து, அதன்மேல் காரை வைத்தார். கோடு போடும் ஸ்கிரைபரின் முனையை முன்பக்கத்தின் நட்டநடுவில் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல உயர்த்தினார். இடது முன்சக்கரம் உடனே எழுந்தது. வலது சக்கரம் பிளேட்டில் ஒட்டிக்கொண்டே இருந்தது. செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து இடது சக்கரத்தின் அடியில் விட்டார். தடங்கல் இல்லாமல் போய்வந்தது. வலது சக்கரத்தின் அடியில் விட்டு இழுத்தார், தாள் கிழிந்தது. "பாத்தியா?" என்றார், அவ்வளவுதான்.

நாலு கால் ஸ்டூல் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். எதிர் எதிர் மூலையில் இருக்கிற இரண்டு கால் மட்டும் எடை தாங்கும், மற்ற இரண்டும் சும்மா நிற்கும். என் காரில் வலது முன்சக்கரமும் இடது பின்சக்கரமும் எடையைத் தாங்கின. வலது பக்கம் திரும்பும்போது காரைப் பிடித்து நிறுத்த வேண்டியது இடது முன்சக்கரமும் இடது பின்சக்கரமும். அதில் பின்சக்கரத்தின் மேல் மட்டும் சுமை ஏறிக் கிடந்தது, அதன் ஜோடியான வலது பின்சக்கரம் தரையை வெறுமனே தடவியது. ஒரு பின்சக்கரம் வேலை செய்து இன்னொன்று செய்யாமல் இருந்தால் பின்பக்கத்தின் மொத்தப் பிடிமானம் குறையும், கார் சுழலும். இடது பக்கம் திரும்பும்போது அதே கோளாறு முன்பக்கத்தில் வேலையைக் காட்டும், கார் விரியும்.

டி-பிளேட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றினார். மோட்டார் உட்காரும் மவுண்ட்டில், வலது ஓட்டையின் விளிம்பில் ஒரு பிசிறு. கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை, நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. தாள் கனம்கூட இருக்காது. அது தகட்டுக்கும் மவுண்ட்டுக்கும் நடுவே உட்கார்ந்து மொத்தப் பின்கூட்டையும் ஒரு பக்கம் சாய்த்து வைத்திருந்தது. நைஸ் அரத்தால் இரண்டு இழுப்பு. ஸ்க்ரூக்களை ஒன்றை முழுசாக முறுக்காமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். மறுபடி ஸ்கிரைபர். இந்த முறை இரண்டு சக்கரமும் ஒன்றாக எழுந்தன.

அந்தப் பிசிறு எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்? வேக மோட்டாரை மாட்டுவதற்காக நான் கழற்றிப் பூட்டும்போது, ஸ்க்ரூவை அளவுக்கு மேல் முறுக்கியதில் பிளாஸ்டிக் பிதுங்கியிருக்கிறது. முதலில் என் கார் சுழன்றது அழுக்கு டயரால். மருந்தென்று நினைத்து மோட்டாரை மாற்றினேன், அதில் இரண்டாவது நோயும் வந்தது. அடுத்த ஞாயிறு பழைய கம்பெனி மோட்டாரையே திரும்பப் போட்டு, டயரையும் மாற்றி ஓட்டினேன். 33 சுற்று. பாங்க்காரரும் 33, அரைச் சுற்று முன்னால் இருந்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றுவரை மறக்கவில்லை.

இப்போது உங்கள் காருக்கு வருகிறேன். டயரிலிருந்து ஆரம்பியுங்கள். ரப்பரின் கடினத்தை எண்ணால் குறிப்பார்கள், எண் குறையக் குறைய மென்மை. வளைவில் சுழலும் காருக்குப் பின்னால் மென்மையான டயர், முன்னால் கடினமான டயர். ஃபோம் டிராக்கில் நான் பின்னால் 20, முன்னால் 40 போட்டு ஆரம்பித்தேன், பிறகு முன்னால் 30-க்கு வந்தேன். டயர் ரிம்மில் நழுவாமல் இருக்க இரட்டைப்பக்க டேப் ஒட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் செல்லோ டேப்பைப் பசைப்பக்கம் மேலே வைத்து, அதன்மேல் டயர்களை உருட்டுங்கள். டேப்பில் ஒட்டும் தூசியையும் தலைமுடியையும் பார்த்தால் உங்களுக்கே புரியும். டைல்ஸ் தரை என்றால் முதலில் ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம்.

அதற்கப்புறம் மேலே சொன்ன மட்டச் சோதனை. சர்ஃபேஸ் பிளேட் வேண்டாம், ஜன்னல் கண்ணாடித் துண்டு போதும். ஸ்கிரைபருக்குப் பதில் பேனாக்கத்தி முனை.

இரண்டும் சரியாகியும் பின்பக்கம் வீசினால், எளிதில் வளையும் மென்மையான டி-பிளேட் போடுங்கள், பின்பக்கப் பிடி கூடும். முன் ஸ்ப்ரிங்கைக் கடினமாக்கினால் திருப்பத்தின் வெடுக்குக் குறையும். ரிமோட்டில் ஸ்டியரிங் திரும்பும் அளவைக் குறைக்க வசதி இருந்தால், அதையும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், அது இலவசம். முன்சக்கரங்கள் வெளிப்பக்கம் விரிந்து நின்றால் கார் துடியாகத் திரும்பும், நேராக நின்றால் அமைதியாகும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், பத்துச் சுற்று, நோட்டில் நேரம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது. பிடி அதிகமாகி வளைவில் கார் கவிழ ஆரம்பித்தால், முன் டயரின் வெளிச்சுவரில் சூப்பர் குளூவை மெல்லியதாகத் தடவிக் காயவிடுங்கள்.

"கைரோ போட்டால் சுழலவே சுழலாது" என்று சிலர் எழுதுவார்கள். கைரோ என்பது கார் சுழல ஆரம்பித்தால் ஸ்டியரிங்கைத் தானே திருத்தும் சின்னக் கருவி. நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கோணலை மறைக்கும், எடுக்காது. என் காரில் அது இருந்திருந்தால் பிசிறை இன்றுவரை கண்டுபிடித்திருக்க மாட்டோம். பிரஷ்லெஸ் (உள்ளே கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டாரில் ஓட்டும் பெரிய பந்தயக்காரர்களுக்கும் நான் பாடம் சொல்லவில்லை, அவர்கள் கணக்கு வேறு. மூன்று மாதக் காரனுக்கு மூன்று வருடக் காரன் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. இப்போது அந்த ஹால் எங்களுக்கு இல்லை. "பொது இடத்தில் பொம்மை விளையாட்டு கூடாது" என்று அசோசியேஷன் தீர்மானம் போட்டுவிட்டது. எட்டு மணிக்கெல்லாம் பாயைச் சுருட்டி, பெருக்கிவிட்டுத்தான் போவோம். மாடிவீட்டுப் பையன்கள் இரண்டு பேர், செல்போனைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்து டயர் ஒட்டப் பழகினார்கள். ஒரு பையன் கியரின் பல்லை எண்ணிக் கணக்குப் போடவே கற்றுக்கொண்டான். அதே ஹாலில் மாதம் இரண்டுமுறை சேலை விற்பனை நடக்கிறது. வாடகை வருகிறதாம். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டும் எனக்குக் காலை இரண்டு மணி நேரம் தரமுடியாது என்றால் அதில் என்ன நியாயம்? இப்போது பெரியப்பாவின் பின்கட்டில்தான் ஓட்டுகிறோம். இரும்புத்தூள் டயரில் ஒட்டுகிறது, செல்லோ டேப் இரண்டு மடங்கு செலவாகிறது.

நாளைக்குக் கண்ணாடித் துண்டின் மேல் காரை வையுங்கள். முன்பக்கத்தின் நடுவில் கத்தி முனையைக் கொடுத்து உயர்த்தி, எந்த முன்சக்கரம் முதலில் எழுகிறது, எந்தத் திருப்பத்தில் கார் சுழல்கிறது, இந்த இரண்டை மட்டும் கீழே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.