பாடசாலையில் உளவியலாளர் என்ன செய்வார்? பிள்ளையை அவரிடம் அனுப்பலாமா?

உங்கள் மகன் தரம் 7இல் படிக்கிறார் என்றும், வகுப்பில் குழப்படி கூடிவிட்டதால் உளவியலாளர் ஒருவரிடம் காட்டும்படி அதிபர் சொல்லியிருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆலோசனை ஆசிரியர் இருக்கும்போது உளவியலாளர் எதற்கு, ஊரில் பிள்ளைக்கு 'விசர்' என்ற பெயர் வந்துவிடாதா என்பவை உங்கள் இரண்டு கேள்விகள். யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் 14 ஆண்டுகளாக வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியராகப் பணியாற்றி வருகிறேன்; நான் கண்டதையும் கற்றதையும் வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் மூன்று விதமானவர்களை ஒரே சொல்லால் அழைக்கிறோம். அச்சமும் அங்கேதான் தொடங்குகிறது. உளமருத்துவர் வைத்தியக் கல்வி முடித்தவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுபவர். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் நீங்கள் சந்திப்பவர் அவர். உளவியலாளர் மருந்து தருவதில்லை. ஒரு பிள்ளை எப்படிக் கற்கிறது, எதை நினைவில் வைக்கிறது, எதற்குப் பயப்படுகிறது, எந்தச் சூழலில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை முறையாக ஆராயப் பயின்றவர் அவர்; பாடசாலையில் பணியாற்றுவதானால் வகுப்பறையையும் பாடத்திட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். நான் அடிப்படையில் ஆசிரியர். உளவளத்துணையில் பயிற்சி பெற்றிருந்தாலும் எனக்குப் பாடவேளைகளும் விடைத்தாள்களும் உண்டு. அழுதுகொண்டு வரும் பிள்ளையை இருத்தி, ஆறுதலாகக் கதைக்கவிட்டுக் கேட்க என்னால் முடியும். அந்தப் பிள்ளைக்கு வாசிப்பு ஏன் வரவில்லை என்று பிரித்தறியும் கருவிகள் என்னிடம் இல்லை. அமெரிக்காவின் தேசியப் பாடசாலை உளவியலாளர் சங்கம் 500 மாணவருக்கு ஓர் உளவியலாளர் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. எங்கள் அரச பாடசாலைகளில் இந்தப் பணியின் பெரும்பகுதியை ஆலோசனை ஆசிரியர்களே சுமக்கிறோம். ஆகவே உங்கள் பிள்ளையைப் பார்க்க ஒருவர் கிடைத்திருப்பதை நல்ல வாய்ப்பாகவே நான் கருதுகிறேன்.

அவர் என்ன செய்வார் என்பது ஒரு நிகழ்வைச் சொன்னால் விளங்கும். பிள்ளையை யாரும் இனங்காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தரம் 6இல் ஒரு மாணவன் இருந்தான். தமிழ்ப் பாடவேளையில் பக்கத்தில் இருப்பவனைக் குத்துவான், மேசையில் தட்டுவான், பேனையை எறிவான். ஆசிரியர் வெளியே அனுப்பினால் வேப்பமரத்தடியில் போய் அமைதியாக நிற்பான். அக்காலத்தில் எங்கள் பாடசாலைக்கு வந்துபோன உளவியலாளர், அவனைத் தனியே அழைத்துப் பேசுவதற்கு முன் 3 நாட்கள் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து பார்த்தார். ஒரு கொப்பியில் 3 நிரல்கள் கீறி, குழப்படிக்கு முன் வகுப்பில் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பின் என்ன நடந்தது என்று நேரத்தோடு குறித்துக்கொண்டே வந்தார். பிறகு அந்தக் கொப்பியை எனக்குக் காட்டினார். முதல் நிரலில் திரும்பத் திரும்ப ஒரே செய்திதான் இருந்தது: பாடத்தை உரத்து வாசிக்கும் முறை வாங்கு வாங்காக அவனை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று அவன் மேசைக்குக் கீழே விரல்களை மடித்து எண்ணுவதை அவர் கண்டிருந்தார். இரண்டு பேர் மிச்சமிருக்கும்போது குழப்படி தொடங்கும். மூன்றாம் நிரல் முழுவதும் 'வெளியே அனுப்பப்பட்டான்' என்றிருந்தது. நாங்கள் தண்டனை என்று நினைத்துக் கொடுத்ததை அவன் விடுதலையாகப் பெற்றுக்கொண்டிருந்தான்.

அதன் பிறகுதான் என்னையும் அருகில் வைத்துக்கொண்டு அவனை வாசிக்கச் சொன்னார். வாயால் கதை சொல்லச் சொன்னபோது தொடக்கமும் முடிவும் தவறாமல் சொன்னவன், எழுத்தைக் கண்டதும் தடுமாறினான். 'கொடி' என்ற சொல்லில் கொம்பு (ெ) ககரத்துக்கு முன்னால் நிற்கிறது, அரவு (ா) பின்னால் நிற்கிறது, ஒலியில் இரண்டும் சேர்ந்து மெய்க்குப் பின்னால் ஒரே உயிராக வருகிறது. வாசிப்பு இலகுவாக வரும் பிள்ளைகள் இதைக் கவனிப்பதே இல்லை. இவன் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நின்றான். 'கெ' என்று தொடங்கி, 'கா' என்று மாற்றி, பிறகு வாசிப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். தரம் 2இலேயே கண்டுபிடித்திருக்க வேண்டிய வாசிப்பு இடர்பாட்டை, அத்தனை ஆண்டுகளாக அந்தப் பிள்ளை தன் குழப்படியால் மூடி மறைத்து வைத்திருந்தது. எத்தனை ஆசிரியர்கள் அவனைக் கடந்து போயிருக்கிறோம் என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பிறகு செய்தவை எளியவை. அவன் வாசிக்க வேண்டிய பந்தியை முதல் நாளே சொல்லிவிடுவது, வரிக்குக் கீழே அடிமட்டம் வைக்க விடுவது, வரலாற்றுப் பாடத்தில் சில விடைகளை வாயால் கேட்டுக்கொள்வது, வாரத்தில் 3 நாட்கள் காலைக் கூட்டத்துக்கு முன் கொம்புள்ள எழுத்துக்களை மட்டும் கூட்டாகப் பழக்குவது. அடுத்த தவணையில் அவனுடைய புள்ளிகள் பெரிதாக ஏறவில்லை. ஆனால் வேப்பமரத்தடிக்குப் போக வேண்டிய தேவை அவனுக்கு வரவில்லை.

இந்தத் துறையே இப்படியொரு பிள்ளையிலிருந்துதான் தொடங்கியது. 1896இல், எழுத்துக்கூட்டத் தெரியாத 14 வயது மாணவன் ஒருவனை அவனுடைய ஆசிரியை, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் லைட்னர் விட்மரிடம் அழைத்துச் சென்றார். ஆராய்ந்தபோது அவனுக்குப் பார்வைக் குறை இருந்ததும் தெரியவந்தது. கண்ணாடி கொடுத்து, தனியாகவும் கற்பித்தார்கள். 'பாடசாலை உளவியலாளர்' என்ற பதவிப் பெயரோடு ஆர்னல்ட் கெசல் 1915இல் கனெக்டிகட் மாநிலத்தில் நியமிக்கப்பட்டார். உங்கள் மகனின் கண்ணையும் காதையும் இதுவரை பரிசோதிக்கவில்லை என்றால் அதை முதலில் செய்துவிடுங்கள். உளவியலாளரும் அதைத்தான் முதலில் கேட்பார்.

அவர் சில பரீட்சைகளும் வைக்கக்கூடும். நுண்ணறிவுப் பரீட்சை என்றவுடன் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி போல ஒரு எண்ணை எதிர்பார்க்காதீர்கள். 1905இல் பாரிஸில் அல்பிரெட் பினேயும் தியோடோர் சிமோனும் உருவாக்கிய முதல் பரீட்சை, கூடுதல் உதவி வேண்டிய பிள்ளைகளை இனங்காணத்தான் உருவானது. பிள்ளையின் அறிவு மாறாத ஓர் அளவு என்ற எண்ணத்தைப் பினேயே எதிர்த்தார். வேறு நாட்டுப் பிள்ளைகளை வைத்து அளவு நிர்ணயித்த பரீட்சையை எங்கள் பிள்ளைக்கு அப்படியே வைத்து எண்ணை மட்டும் எழுதித் தருபவரை விட, எந்த வினாவில் எப்படித் தவறினான் என்று விளக்கிச் சொல்பவரை நான் நம்புவேன்.

இந்தப் பணியில் பெரும்பங்கு பெரியவர்களோடுதான் நடக்கிறது. ஆசிரியரோடு இருந்து கற்பிக்கும் முறையை மாற்றுவதும், வீட்டில் என்ன நடக்கிறது என்று பெற்றோரிடம் பொறுமையாகக் கேட்பதும் அதில் அடங்கும். இன்று தரம் 7இல் இருக்கும் பிள்ளைகள், போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனால் இரவில் திடுக்கிட்டு எழும் தகப்பனோடும், காணாமற்போன மாமாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றும் அம்மம்மாவோடும்தான் அவர்களில் பலர் வளர்கிறார்கள். போரின் காயம் தனி மனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே தாக்குகிறது என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்ட காலமாக எழுதி வருகிறார். ஆகவே உளவியலாளர் உங்களிடம் உங்களைப் பற்றிக் கேட்டால், குற்றம் சாட்டுகிறார் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள்.

பெயர் கெடுவதைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. அதை வளர்த்ததில் எனக்கும் பங்குண்டு. பணியின் தொடக்க ஆண்டுகளில், ஒரு மாணவி என்னிடம் நம்பிச் சொன்ன வீட்டு விடயம் ஒன்றை, உதவி செய்வதாக நினைத்து, ஆசிரியர் ஓய்வறையில் வகுப்பாசிரியரிடம் சொன்னேன். இடைவேளை முடிவதற்குள் அது அவளுடைய வகுப்புக்குப் போய்விட்டது. அவள் அதன் பிறகு என்னிடம் வரவே இல்லை. கண்ட இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு போனாள். நான் போய் மன்னிப்புக் கேட்டேன், அவள் "பரவாயில்லை மிஸ்" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து எந்தப் பிள்ளையோடும் கதைக்கத் தொடங்கும் முன், எதை யாரிடமும் சொல்ல மாட்டேன், எதைக் கட்டாயம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை முதலிலேயே விளக்கிவிடுகிறேன். பிள்ளை தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யக்கூடும் என்றாலோ, யாராவது பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ மட்டும் இரகசியம் காக்க முடியாது. அவ்வாறான முறைப்பாட்டுக்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

மற்றபடி, உங்கள் மகனுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 'குழப்படிக்காரன்' என்ற அந்தப் பெயரோடுதான் அவர் ஒவ்வொரு நாளும் வகுப்புக்குள் நுழைகிறார். அது சரியா என்று ஆராய ஒருவர் வருவதால் கூடுதலாக என்ன கெட்டுவிடும்?

அதிபரைச் சந்திக்கும்போது அறிக்கையை யார் யார் பார்ப்பார்கள், அது எங்கே வைக்கப்படும், உங்களுக்கு ஒரு பிரதி கிடைக்குமா, வகுப்பில் வைத்தும் பிள்ளையைப் பார்ப்பாரா என்று கேளுங்கள். பிள்ளையை ஒரு தடவை மட்டும் தனியே பார்த்து முடிவு சொல்வதாக இருந்தால் நான் அவசரப்பட்டு இணங்க மாட்டேன். மகனிடமும் ஒளிக்காமல் சொல்லுங்கள். உளவியலாளரைச் சந்திப்பதற்கு முதல் நாள் இரவு, சாப்பிட்ட பிறகு, "வகுப்பில உனக்கு எது கஷ்டமா இருக்குது எண்டு கண்டுபிடிக்க ஒராள் வாறார், உன்னில பிழை பிடிக்க வரேல்லை, நானும் கூட வாறன்" என்று சொன்னால் போதும். மகன் ஏதாவது கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததை, அடுத்த நாள் இருவருமாக உளவியலாளரிடமே கேட்கலாம்.