1970 செவெல்: பின் ஆக்ஸிலை முதலில் மாற்றுவதா, சஸ்பென்ஷனையா?

பின் ஆக்ஸிலை முதலில் மாற்றுவதா, சஸ்பென்ஷனையா என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய கார்: 1970 ஷெவர்லே செவெல், 400 குதிரைத்திறனுக்கு ஏற்றிய 350 எஞ்சின், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், கம்பெனியில் வந்த 10 போல்ட் ஆக்ஸில் (பின்மூடியில் பத்து போல்ட்). பெரும்பாலும் ரோட்டில் ஓட்டம், எப்போதாவது கால் மைல் ரேஸ்.

எந்த டயர் போடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குதிரைத்திறன் எவ்வளவு இருந்தாலும் டயர் வழுக்கினால் ஆக்ஸில் பிழைத்துக்கொள்ளும். டயர் ரோட்டைப் பிடித்தால்தான் பல் போகும். சாதாரண ரேடியல் டயர்தான் என்றால் இருக்கிற 10 போல்ட்டே ஓடட்டும், ஆனால் அதன்மேல் ஒரு காசுகூடச் செலவு செய்யாதீர்கள். அதன் கிரவுன் (பெரிய பல்சக்கரம்) விட்டம் 8.2 அங்குலம்தான், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் சின்னது. அதற்குள் விலையுயர்ந்த போசி யூனிட் (ஒரு வீல் மட்டும் வழுக்காமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) வாங்கிப் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

டிராக் ரேடியல் (ரேஸுக்கான, ரோட்டை இறுகப் பிடிக்கும் டயர்) போடுவதென்றால் இரண்டு வழி. ஒன்று, ஜி.எம். 12 போல்ட்: கிரவுன் 8.875 அங்குலம், 30 ஸ்ப்ளைன் (முனையில் நீளவாக்கில் வெட்டிய பல்) ஆக்ஸில் ஷாஃப்ட். பின்மூடியில் போல்ட்டை எண்ணினாலே அடையாளம் தெரிந்துவிடும். பழையதை வாங்கும்போது உள்ளே என்ன கியர் விகிதம் (வீல் ஒரு சுற்றுச் சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று) என்று கேளுங்கள். 2.73 வரைக்கும் ஒரு கேரியர் (கிரவுன் பொருத்தும் கூடு), 3.07-லிருந்து 3.73 வரைக்கும் இன்னொன்று, 3.90-லிருந்து மேலே வேறு கேரியர். பிறகு 4.10 போடலாம் என்று நினைத்து வாங்கினால் போசியையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். 1964–67 செவெல் ஆக்ஸில் இந்தக் காரில் மாட்டும், ஆனால் அகலம் குறைவு. வீல் ஆஃப்செட்டை (வீல் எவ்வளவு உள்ளே, வெளியே அமர்கிறது என்பதை) அதற்கேற்பப் பார்க்க வேண்டும். 12 போல்ட்டின் பலவீனம் சி-கிளிப். ஷாஃப்ட்டை உள்முனையில் பிடித்திருப்பது அந்தச் சின்ன வளையம் மட்டுமே. ஷாஃப்ட் முறிந்தால் வீலோடு வெளியே வந்துவிடும். அந்த வளையத்துக்குப் பதில் ஷாஃப்ட்டை வெளிமுனையில் பிடிக்கும் சி-கிளிப் எலிமினேட்டர் ரேஸுக்குச் சரி, ரோட்டில் வளைவுகளின் பக்கவிசையில் ஆயில் கசியும்.

இன்னொன்று, செவெல் பிராக்கெட்டுகளோடு புதிதாகச் செய்து விற்கிற ஃபோர்டு 9 அங்குல ஹவுசிங். பினியனின் பின்முனைக்கும் தனி பேரிங் உண்டு, சி-கிளிப் கிடையாது, டிஃபரன்ஷியல் மொத்தமாக முன்பக்கம் கழன்று வரும். பினியன் ரொம்பக் கீழே அமர்ந்திருப்பதால் உராய்வு அதிகம், கொஞ்சம் பவர் அதில் போகும். ஆர்டர் கொடுக்கும்போது வீல் போல்ட் வட்டம் 4.75 அங்குலம் என்று சொல்ல மறந்தால் ஃபோர்டின் 4.5 வந்து நிற்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தையும் மறுபடி அளக்க வேண்டும். இந்தக் காருக்கு என் ஓட்டு 12 போல்ட்டுக்குத்தான். விகிதத்தை அடிக்கடி மாற்றுகிறவர்கள் 9 அங்குலத்துக்குப் போகலாம்.

ஆனால் ஆக்ஸிலுக்கு முன்னால் பணம் போக வேண்டிய இடம் ஆக்ஸிலைச் சட்டத்தோடு இணைக்கும் ஆர்ம்களும் அவற்றின் முனையிலுள்ள புஷ்களும். செவெலில் பின்னால் காயில் ஸ்ப்ரிங், கீழே இரண்டு ஆர்ம், மேலே சாய்வாக இரண்டு ஆர்ம். அந்தச் சாய்வான மேல் ஆர்ம்கள்தான் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்து வைக்கின்றன. கார் ஒரு பக்கம் சாயும்போது நான்கு ஆர்மும் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை ரப்பர் புஷ் விழுங்கிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டே வடிவமைத்திருக்கிறார்கள். ரப்பருக்குப் பதில் "எல்லா இடத்திலும் கடினமான பாலியூரிதேன் புஷ் போடு" என்கிற ஆலோசனையால் கெடுவது இதுதான். புஷ் வளையாவிட்டால் ஆர்ம் மவுன்ட் வளையும், வளைவில் பின்பக்கம் திடீரென்று நழுவும். பெட்டி வடிவக் கீழ் ஆர்ம் போடுங்கள். ஒரு முனையில் பாலி, மறுமுனையில் சுழலும் ஜாயின்ட். மேல் ஆர்ம் மாட்டும் ஆக்ஸில் காதுகளில் ரப்பரே இருக்கட்டும். அந்தப் புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் காது வளைந்துவிடும். காதின் இரண்டு சுவருக்கும் நடுவே முட்டுக் குழாய் வைத்து, திருகு கருவியால் இழுத்து ஏற்ற வேண்டும்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. காரை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸில் தொங்கும் நிலையிலேயே ஆர்ம் போல்ட்டுகளை இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் அந்த நிலையில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். காரை இறக்கியதும் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சில மாதத்தில் கிழியும். வீல் தரையில் அமர்ந்து முழு எடையும் ஏறிய பிறகு கடைசி இறுக்கு.

பின்பக்க ஆன்டி ரோல் பார் கீழ் ஆர்ம்களிலேயே போல்ட்டில் நிற்கும். கம்பெனியின் திறந்த யூ வடிவ ஆர்மில் அதை மாட்டினால் போல்ட் இறுக இறுகச் சுவர் நசுங்கும், உள்ளே ஸ்லீவ் வைக்க வேண்டும்.

காரை இரண்டு அங்குலம் இறக்கினால் கீழ் ஆர்ம் முன்பக்கம் தாழ்ந்து நிற்கும். கிளம்பும்போது வீல் துள்ளும். அந்தத் துள்ளலில்தான் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கிராஸும் பினியனும் போகின்றன. ஆர்மின் பின்முனையைக் கீழே இறக்குகிற பிராக்கெட் அதற்கு மருந்து. பினியன் கோணத்தை நீளம் மாற்றத்தக்க மேல் ஆர்மால் சரிசெய்யலாம்: கியர்பாக்ஸ் வெளிமுனை 3 டிகிரி கீழே பார்த்தால், பினியன் முனை நிற்கும்போது 1 அல்லது 2 டிகிரி மேலே பார்க்கட்டும், பவர் வந்ததும் அதுவாகவே எழும்பி இணையாகிவிடும்.

விகிதத்துக்கு வருவோம். 26 அங்குல டயர், மணிக்கு 65 மைல், டாப் கியர் 1:1 என்றால் 3.31-க்கு 2,780 ஆர்.பி.எம்., 3.73-க்கு 3,130, 4.10-க்கு 3,440. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கன்வெர்ட்டர் நழுவல் இதற்கு மேல். ஓவர்டிரைவ் (டாப் கியரில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும்) கியர்பாக்ஸ் இல்லாமல் நெடுஞ்சாலையில் 4.10 காது வலிக்கும். இந்த காருக்கு 3.31, ரேஸ் ஆசை அதிகம் என்றால் 3.73.

கியர் ஏற்றுகிறவரிடம் பேக்லாஷ் (கிரவுன், பினியன் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) எவ்வளவு என்று கேளுங்கள், 0.006-லிருந்து 0.010 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பல்லில் மஞ்சள் பூச்சுத் தடத்தைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கிளட்ச் வகை போசி என்றால் 80 டபிள்யூ-90 ஆயிலோடு ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் (கிளட்ச் உராய்வைச் சீராக்கும் சேர்க்கை) கட்டாயம், இல்லாவிட்டால் திருப்பத்தில் கடகடக்கும். முதல் ஓட்டம் 15, 20 மைல் மெதுவாக, பிறகு ஆக்ஸில் நன்றாக ஆறட்டும். 500 மைலில் ஆயிலை மாற்றிவிடுங்கள். அதுவரை ரேஸ் பக்கம் போக வேண்டாம்.