கொப்பளித்த தண்ணீர் மூக்கில் வருகிறது

கேள்வி: மேல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி நாலு நாள் ஆகிறது. வாய் கொப்பளித்தால் இடது மூக்கில் தண்ணீர் ஒழுகுகிறது. மூக்கைச் சீந்தினால் பல் குழியில் புஸ்ஸென்று காற்று வருகிறது. தானாக ஆறிவிடுமா?
(வாசகி, திருச்சி)

பதில்: பல் குழிக்கும் சைனஸுக்கும் நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது. மூக்கின் இருபுறமும் மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறைதான் மேல்தாடை சைனஸ். பெரியவர்களுக்கு ஒவ்வொன்றும் சுமார் 12 முதல் 15 மி.லி. கொள்ளும். கடைவாய்ப்பற்களின் வேர்கள் அதன் தரையை முட்டிக்கொண்டு நிற்கின்றன. சிலருக்கு இடையில் காகிதக் கனத்துக்குத்தான் எலும்பு. சிலருக்கு அதுவும் இல்லாமல் வெறும் சவ்வு. வேர் அகல விரிந்த பல்லையோ, அக்கம்பக்கத்துப் பற்கள் எல்லாம் போய் ஒற்றையாக நின்ற பல்லையோ பிடுங்கும்போது தரை எலும்பும் சில சமயம் பெயர்ந்து கூடவே வந்துவிடும்.

ஆறுவது ஓட்டையின் அளவைப் பொறுத்தது. 2 மி.மீ.க்குள் என்றால், குழியில் ரத்தக்கட்டு கலையாமல் இருந்தாலே பெரும்பாலும் மூடிக்கொள்ளும். 2 முதல் 6 மி.மீ. வரை குழியில் ஜெலாட்டின் பஞ்சு வைத்து, மேலே எட்டு வடிவத்தில் தையல் போடுவார்கள். அதற்கு மேல் போனால் கன்னப்பக்கத்து ஈறைக் கீறி, இழுத்து மூட வேண்டும். இதில் ஒரு நுணுக்கம்: ஈறின் உட்புறம் எலும்பைப் போர்த்தியிருக்கும் உறையைக் குறுக்கே கீறித் தளர்த்தாமல் இழுத்தால், ஈறு விறைப்பாக நின்று சில நாளில் தையல் விட்டுப்போகும். சைனஸில் சீழ் இருக்கும்போது மூடினாலும் இதே கதிதான். முதலில் சீழை அடக்க வேண்டும்.

உங்களுக்குத் தண்ணீரும் காற்றும் தாராளமாகப் போய்வருவதால் காத்திருக்காதீர்கள், இந்த வாரமே காட்டுங்கள். இரண்டு மூன்று வாரம் தள்ளினால் ஓட்டையின் உட்சுவரில் தோல் படர்ந்து நிரந்தர வழியாகிவிடும். பிறகு அந்தச் சுவரையும் வெட்டியெடுத்துத்தான் மூட முடியும்.

மூக்கைச் சீந்திப் பார்ப்பதை இன்றோடு விடுங்கள். சின்ன ஓட்டையைப் பெரிதாக்க அதைவிடச் சுருக்கு வழி இல்லை. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். ஸ்ட்ரா, புகை, பலூன் ஊதுவது எல்லாம் இரண்டு வாரத்துக்குக் கூடாது. மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து கொடுத்தால் ஒரு வாரத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும்.

கேள்வி: சளி பிடித்தால் மேல் பற்கள் வலிக்கின்றன. பல் கோளாறா, சைனஸா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: ஒரே பக்கத்தில் மூன்று நான்கு பற்கள் சேர்ந்து வலித்து, குனிந்தால் வலி கூடினால் பெரும்பாலும் சைனஸ். ஒரே பல்லில் ஐஸ் தண்ணீர் பட்டதும் சுரீரென்றால் பல்.

தலைகீழாகவும் நடக்கும். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி, ஆன்டிபயாடிக் முடிந்ததும் மறுபடி அதே சளி என்றால் பல்லைச் சந்தேகப்படுங்கள். சைனஸின் வாசல் தரையில் இல்லை, மூக்கை ஒட்டிய சுவரின் உச்சியில் இருக்கிறது. வேர் நுனியிலிருந்து கசியும் சீழ் எளிதில் வடியாது. சிறிய பல் எக்ஸ்ரேயில் இது தப்பிப்போகலாம். பல், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேனில், அழுகிய வேருக்கு நேர் மேலே சைனஸ் சவ்வு தடித்திருப்பது தெரியும். வேர் சிகிச்சை செய்தோ பல்லை எடுத்தோ மூலத்தை அகற்றாதவரை, மூக்குக்கு மட்டும் பார்க்கும் வைத்தியம் நிலைக்காது.