முதலில் மோட்டார், பிறகு மவுத்பீஸ்

"வேளச்சேரியில் இரண்டு நாற்காலிகளுடன் பல் மருத்துவமனை நடத்துகிறேன். உதவியாளர் ஒருவர்தான். வாயிலிருந்து எச்சிலையும் நீரையும் உறிஞ்சும் சக்‌ஷன் கம்ப்ரஸர் காற்றில்தான் ஓடுகிறது. நாக்கையும் கன்னத்தையும் ஒதுக்கிக்கொண்டே நீரையும் உறிஞ்சும் மவுத்பீஸ் அமைப்பை வாங்கலாமா, சிகிச்சை செய்யும் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் டேமே போதுமா?" என்று ஒரு மருத்துவர் கேட்டிருக்கிறார்.

டாக்டர், மவுத்பீஸை இப்போது வாங்க வேண்டாம். ஐசோலைட், டிரைஷீல்டு போன்ற மவுத்பீஸ்களுக்குத் தனி உறிஞ்சு சக்தி கிடையாது. உங்கள் பெரிய சக்‌ஷன் குழாயில்தான் மாட்ட வேண்டும். அதில் இழுவை இல்லையென்றால், விலை உயர்ந்த அந்த மவுத்பீஸ் வாயைத் திறந்து வைத்திருக்கும் கட்டையாக மட்டுமே இருக்கும்.

அந்தப் பெரிய குழாய் நிமிடத்துக்குச் சுமார் 300 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும். கம்ப்ரஸர் காற்றில் ஓடும் சக்‌ஷன் பெரும்பாலும் இதை எட்டாது. பல்லைத் துளைக்கும் ஏரோட்டருக்குப் போக வேண்டிய காற்றையும் அதுவே தின்றுவிடும். ஒன்று செய்து பாருங்கள். இரண்டு நாற்காலியிலும் ஏரோட்டரையும் சக்‌ஷனையும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். ஏரோட்டரின் ஒலி தணிந்தாலோ குழாயின் இழுவை தளர்ந்தாலோ, உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம் தனி வேக்குவம் மோட்டார்.

அதிலும் நீர் தேவைப்படாத உலர் மோட்டாரையே வாங்கச் சொல்வேன். ஈர வகை முதலில் மலிவாகத் தெரியும், ஆனால் ஓடும் நேரமெல்லாம் தண்ணீர் கேட்கும். 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குத் தெருத்தெருவாகக் காத்திருந்தோம். அப்படிப்பட்ட ஊரில் சிகிச்சையை மெட்ரோ வாட்டரை நம்பி நடத்தக் கூடாது. மோட்டாரின் கழிவுக்காற்று கட்டடத்துக்கு வெளியே போகும்படி குழாய் அமைக்கச் சொல்லுங்கள்.

வேர் சிகிச்சைக்கு ரப்பர் டேம் கட்டாயம். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனமில்லை. 1864இல் அமெரிக்கப் பல் மருத்துவர் சான்ஃபோர்ட் பார்னம் கொண்டுவந்த அந்த ரப்பர் தாளுக்கு இன்றும் மாற்று இல்லை. வேரைச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற ஃபைல் விரலிலிருந்து நழுவினால் தொண்டைக்குள் போகாது, வேரைக் கழுவும் ஹைப்போகுளோரைட் நாக்கைச் சுடாது, எச்சில் கிருமி வேருக்குள் இறங்காது. மவுத்பீஸால் இத்தனையும் முடியாது. லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு லேடெக்ஸ் இல்லாத தாள் வைத்திருங்கள். டேம் வாயை மறைத்துவிடும் என்பதால், மூக்கடைப்போடு வருபவரை இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள்.

மோட்டார் வந்த பிறகு மவுத்பீஸ் உங்களுக்கு உண்மையிலேயே உதவும். உதவியாளர் அடுத்த நாற்காலியில் இருக்கும்போது, பின்பல் அடைப்பையோ குழந்தைகளின் பல் பள்ளங்களை மூடும் சீலன்டையோ தனியாகவே செய்துவிடலாம். குமட்டல் அதிகம் உள்ளவர்கள் அதைத் தாங்கமாட்டார்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வகையும் ஆட்டோகிளேவில் (நீராவியில்) கிருமி நீக்கி மறுபடி பயன்படுத்தும் வகையும் இருப்பதால், மாதம் எத்தனை பேருக்குத் தேவைப்படும் என்று கணக்கிட்டு முடிவெடுங்கள்.

சிறிய எச்சில் குழாயை உதடு மூடிச் சப்பச் சொல்லும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, தயவுசெய்து நிறுத்துங்கள். குழாயில் கிடக்கும் முந்தைய நோயாளியின் எச்சில் அப்போது பின்னோக்கி வாய்க்குள் வரக்கூடும். ஒவ்வொருவருக்குப் பிறகும் குழாயில் நீரை இழுத்துவிடுங்கள். மாலையில் நுரை வராத சுத்திகரிப்புத் திரவத்தையே ஓட்டுங்கள். நுரை மோட்டாருக்குள் ஏறினால் பழுதுதான். பிளீச்சிங் கரைசலும் வேண்டாம், அது உலோகப் பாகங்களை அரிக்கும்.